மெலிவைக் கண்டு பயந்தோம், பருமனைக் கண்டு ஏமாந்தோம்



நீண்ட பதிவுதான். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன தவணை தரம் 10இல் சுகாதாரப் பாடம் நடந்தது. எச்.ஐ.வி பற்றிய பகுதி வந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "எயிட்ஸ் வந்த ஆக்கள பார்த்தாலே தெரியும்தானே, எலும்பும் தோலுமா இருப்பாங்க" என்றான். வகுப்பே தலையாட்டியது. அந்தப் பிள்ளையில் பிழையில்லை. நாம் படித்த காலத்தில் சுவரில் ஒட்டியிருந்த படமும் அதுதான். "பார்த்துத் தெரியாது, பரிசோதனையில் மட்டும்தான் தெரியும்" என்று சொன்னோம், மணி அடித்தது, வந்துவிட்டோம்.

ஆனால் மனதில் அது கிடந்து உறுத்தியது. அந்த எலும்பும் தோலுமான படம் எங்கிருந்து வந்தது? அந்த மனிதர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? தேடி வாசித்ததில் நாற்பது வருட வரலாறு ஒன்று அகப்பட்டது. உடம்பு மெலிவதில் தொடங்கிய அந்த வரலாறு, இன்று எடை கூடுவதிலும் பிரஷரிலும் வந்து நிற்கிறது. நடந்தது ஆபிரிக்காவில். ஆனால் நம் ஊருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

'ஸ்லிம்' என்று பெயர் வைத்தார்கள்

உகண்டாவின் தெற்கில், தன்சானியா எல்லைக்குப் பக்கத்தில், விக்டோரியா ஏரிக்கரையில் கசென்செரோ என்றொரு மீனவத் துறை இருக்கிறது. 1982 அளவில் அங்கே திடகாத்திரமான ஆண்களும் பெண்களும் காரணம் தெரியாமல் மெலிந்து மெலிந்து இறந்தார்கள். எல்லை தாண்டி வியாபாரம் செய்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். தன்சானிய வியாபாரிகளை ஏமாற்றியவர்களுக்கு அவர்கள் சூனியம் செய்துவிட்டார்கள் என்றுதான் ஊர் முதலில் நம்பியது. நோய்க்கு மக்களே ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்: 'ஸ்லிம்'. மெலிவு என்பதுதான் அதன் பொருள்.

1985இல் உகண்டா வைத்தியர்களும் அவர்களுடன் வேலை செய்த ஆய்வாளர்களும் லண்டனில் வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, ஊர் வைத்த அந்தப் பெயரையே தலைப்பில் போட்டார்கள். 1981இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவான நோய்க்குக் காரணமான அதே வைரஸ்தான் இங்கேயும் என்று அதில் காட்டினார்கள்.

ஏன் மெலிந்தார்கள்? எச்.ஐ.வி உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தரும் கலங்களை அழிக்கிறது. அதன்பிறகு சாதாரணக் கிருமிகூட உள்ளே குடியிருந்துவிடும். வாரக்கணக்கில் வயிற்றோட்டம், விடாத காய்ச்சல், வாயும் தொண்டையும் புண்ணாகி ஒரு மிடறு விழுங்க முடியாத நிலை, கூடவே காசநோய். சாப்பிட முடியாது. சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. காய்ச்சலோ இருக்கின்ற சதையையும் எரித்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வைரஸ் உடம்புக்குள் வந்து பல வருடங்களுக்கு மனிதன் பார்வைக்கு நல்லாகவே இருப்பான். மெலிவு கடைசிக் கட்டம். ஆனால் ஊர் கண்டது கடைசிக் கட்டத்தை மட்டும்தான். அதனால் மெலிந்தவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது. கொழுத்திருந்தவர்கள் எல்லோரும் சுத்தமானவர்கள் ஆனார்கள். இரண்டுமே பிழை. இரண்டாவது பிழை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் நோய் பரவியது பார்வைக்கு நல்லாக இருந்தவர்கள் மூலம்தான்.

1989இல் உகண்டாவின் புகழ்பெற்ற பாடகர் பிலி லுதாயா தனக்கு எச்.ஐ.வி இருக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர் மெலிவதற்கு முன்பே சொன்னதால் பலர் நம்பவில்லை. "இவ்வளவு நல்லா இருக்கிற ஆளுக்கா?" என்றார்கள். அந்த வருடம் டிசம்பரில் அவர் இறந்தார்.

நம்மவர்கள் அறியவேண்டிய ஒரு விடயமும் உகண்டாவில் நடந்தது. 1988இல் அந்நாட்டு முஸ்லிம் வைத்தியர்கள் சேர்ந்து உகண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே உலமாக்களை அழைத்துச் செயலமர்வு நடத்தினார்கள். 1992 முதல் இமாம்களுக்கும் அவர்களுக்கு உதவியாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். ஜும்ஆவில் பேசினார்கள், நோயாளியைப் போய்ப் பார்த்தார்கள். 1998இல் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் நிறுவனம் இந்தப் பணியை உலகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டி ஒரு நூலே வெளியிட்டது. பள்ளிவாசல் ஒரு வருத்தத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருந்து வந்தது, காசு இருந்தவர்களுக்கு

1987இல் அமெரிக்காவில் முதல் மருந்து அனுமதி பெற்றது. ஏ.இசட்.டி என்பது அதன் பெயர். ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டொலர் அளவில் செலவு. தனியாக அந்த மருந்தால் கொஞ்சக் காலம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கிவிடும் என்பது உறுதியானது. கட்டிலில் கிடந்தவர்கள் எழும்பி வேலைக்குப் போனார்கள். ஆனால் அது பணக்கார நாடுகளில். நோயாளிகள் அதிகம் இருந்த ஆபிரிக்காவில் ஜனாஸாக்கள் போய்க்கொண்டே இருந்தன.

2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் உலக எயிட்ஸ் மாநாடு கூடியது. பிறவியிலேயே எச்.ஐ.வி தொற்றிய நிகோசி ஜோன்சன் என்ற 11 வயதுச் சிறுவன், உடம்புக்குப் பெரிதான கோட் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, எங்களையும் மனிதர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டான். அடுத்த வருடம் ஜூன் முதலாம் திகதி அவன் இறந்துவிட்டான். அதே மாநாட்டில் எட்வின் கெமரன் என்ற நீதிபதி எழும்பி, தனக்கும் எச்.ஐ.வி இருக்கிறது, மருந்துக்குக் காசு கொடுக்க முடிகிறது என்பதால்தான் உயிரோடு நிற்கிறேன் என்ற கருத்தில் பேசினார். ஒரே நாடு, ஒரே வைரஸ். இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மருந்து.

இந்த இடத்தில் மும்பையைச் சேர்ந்த ஒருவர் கதைக்குள் வருகிறார். யூசுப் ஹமீத். அவருடைய வாப்பா குவாஜா அப்துல் ஹமீத் 1935இல் தொடங்கிய சிப்லா என்ற மருந்துக் கம்பனியை அவர் நடத்திக்கொண்டிருந்தார். 1970இல் இந்தியா கொண்டுவந்த காப்புரிமைச் சட்டத்தின்படி, மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் உரிமம், மருந்துக்கே உரிமம் கிடையாது. அதனால் வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய இந்தியக் கம்பனிகளால் முடிந்தது. 2001 பெப்ரவரியில் மூன்று மருந்துகளையும் சேர்த்து ஒருவருக்கு வருடத்துக்கு 350 டொலருக்குத் தருகிறேன் என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு ஹமீத் அறிவித்தார். பத்தாயிரத்துக்கு மேல் விற்ற மருந்து ஒரு நாளைக்கு ஒரு டொலருக்கும் கீழே வந்தது. மலிவு மருந்தைத் தடுக்கத் தென்னாபிரிக்க அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டிருந்த 39 மருந்துக் கம்பனிகள், உலகமே கண்டித்த பிறகு, அதே வருடம் ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கின.

ஆனால் தென்னாபிரிக்க அரசாங்கம் அப்போதும் அசையவில்லை. ஜனாதிபதி தாபோ ம்பெக்கி இந்த நோய்க்கு வைரஸ்தான் காரணமா என்றே கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார். எதிர்த்து நின்றது 1998இல் தொடங்கிய 'சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கம்'. அதை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர் சாக்கி அஹ்மத், ஒரு கேப் மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கும் எச்.ஐ.வி இருந்தது. அரச வைத்தியசாலையில் ஏழைக்குக் கிடைக்கும் வரை நானும் மருந்து எடுக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். மண்டேலாவே வீடு தேடிப் போய் எடுக்கச் சொல்லியும் 2003 வரை எடுக்கவில்லை. 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுக்க உத்தரவிட்டது. 2004இல் அரச கிளினிக்குகளில் எல்லோருக்கும் சிகிச்சை தொடங்கியது. இன்று உலகிலேயே பெரிய எச்.ஐ.வி சிகிச்சைத் திட்டம் அந்த நாட்டில்தான் நடக்கிறது. 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் மருந்து எடுக்கிறார்கள்.

தராசில் ஏறிய சந்தோஷம்

கேப் டவுனுக்கு வெளியே கயெலிட்ஷா என்ற பெரிய குடியிருப்பில் 2001 மே மாதமே எல்லைகளற்ற மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்கள். இப்படிப்பட்ட கிளினிக்குகளில் அன்று விலையுயர்ந்த இயந்திரங்கள் குறைவு. மருந்து வேலை செய்கிறதா என்று நோயாளிக்கு முதலில் சொன்னது எடைத் தராசுதான். ஒவ்வொரு கிளினிக்கிலும் தராசில் ஏறுவார்கள். இரண்டு கிலோ கூடினால் சந்தோஷம். ஐந்து கிலோ கூடினால் அயலவரும் சேர்ந்து சந்தோஷப்படுவார்கள். உடம்பு திரும்பி வருகிறது, உயிர் திரும்பி வருகிறது.

இது ஓரிருவருக்கு நடந்தது அல்ல, முழு ஊருக்கும் நடந்தது. குவாசூலு நாட்டால் மாகாணத்தில் ஹ்லபிசா பகுதிக் கிராமங்களில் ஆய்வாளர்கள் பிறப்பையும் இறப்பையும் வருடக்கணக்கில் பதிந்து வந்தார்கள். 15 வயதைத் தாண்டிய ஒருவர் சராசரியாக எத்தனை வயது வரை வாழ்வார் என்று கணக்கிட்டபோது, 2003இல் அது 49.2 ஆக இருந்தது. 2011இல் 60.5 ஆகியது. எட்டே வருடத்தில் 11 வருட ஆயுள். மாஷா அல்லாஹ். ஒரு மருந்து ஒரு சமூகத்துக்கு இவ்வளவு கொடுத்த சந்தர்ப்பங்கள் வரலாற்றில் குறைவு.

ஆனாலும் கண்ணின் தீர்ப்பு விடவில்லை. ஆரம்ப மலிவு மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, ஆனால் நீண்டகாலம் எடுத்த பலருக்குக் கன்னத்திலும் கை கால்களிலும் கொழுப்பைக் கரைத்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போன முகத்தைப் பார்த்ததும் "இவர் அந்த மருந்து எடுக்கிறவர்" என்று ஊர் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பயந்து மருந்தை விட்டவர்களும் உண்டு. 2009இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது.

மெலிவுக்கு இருந்த பயம் பருமனுக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. கயெலிட்ஷாவில் பெண்களிடம் பேசிய ஆய்வாளர்கள் இதைப் பதிந்திருக்கிறார்கள். கொஞ்சம் பருத்திருப்பது நல்லது, மெலிந்தால் ஆட்கள் எச்.ஐ.வி என்று நினைப்பார்கள். இப்படியொரு ஊரில் "எடையைக் குறையுங்கள்" என்று ஒரு தாதி எப்படிச் சொல்வார்? சொன்னாலும் யார் கேட்பார்கள்?

எடை நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை

முதலில் எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கியவர்களுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். பிறகு, முந்திக் கொடுத்தால் இன்னும் நல்லது என்பது ஆய்வுகளில் உறுதியானது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், தொற்று இருப்பது தெரிந்த எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்றது. தென்னாபிரிக்கா 2016 செப்டெம்பரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதாவது, இப்போது மெலியாதவர்களும் மருந்து தொடங்குகிறார்கள்.

அதோடு டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்து வந்தது. வைரஸை வேகமாக அடக்கும், இலகுவில் எதிர்ப்பு உருவாகாது, ஒரு நாளைக்கு ஒரு குளிசை. இதைச் சேர்த்துச் செய்த மூன்று மருந்துக் குளிசையை வருடத்துக்கு 75 டொலருக்குத் தர 2017இல் உடன்பாடு வந்தது. 2023இல் விலை 45 டொலருக்கும் கீழே போனது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் முதல் தெரிவாக இதைத்தான் கொடுக்கச் சொன்னது.

அதே 2019இல் இரண்டு ஆபிரிக்க ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. ஒன்று ஜொஹன்னஸ்பேர்க்கில் 1,053 பேரை வைத்துச் செய்தது. பழைய எபாவிரென்ஸ் கூட்டு மருந்து எடுத்தவர்களுக்கு 48 வாரத்தில் சராசரியாக 1.7 கிலோ கூடியிருந்தது. டோலுடெக்ராவிர் எடுத்தவர்களுக்கு 3.2 கிலோ. அதோடு டெனோபோவிரின் புதிய வடிவம் ஒன்றையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 6.4 கிலோ. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். கெமரூனின் யவுண்டே நகரில் 613 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் புதிய மருந்து எடுத்தவர்களுக்குத்தான் அதிகம் கூடியிருந்தது.

ஏன்? வருத்தம் தீர்ந்து பசி திரும்பியது ஒரு காரணம். எபாவிரென்ஸ் போன்ற பழைய மருந்துகள் எடையைக் கொஞ்சம் அமுக்கி வைத்திருந்தன, அது நீங்கியது இன்னொரு காரணம். புதிய மருந்தே நேரடியாக எடையைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

மருந்தின் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. 2016இல் தென்னாபிரிக்காவில் நடந்த தேசிய அளவீட்டில் எச்.ஐ.வி உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தார்கள். வயது வந்த பெண்களில் 68 வீதமானோர் அளவுக்கு மிஞ்சிய எடை. ஆண்களில் 31 வீதம். இரத்த அழுத்தம் பெண்களில் 46 வீதம், ஆண்களில் 44 வீதம். வெள்ளை மா, சீனி போட்ட பானம், பொரித்த கோழி, உட்கார்ந்த வேலை. உலகம் முழுவதும் போகும் பாதை. எச்.ஐ.வி சிகிச்சையால் உயிர் பிழைத்தவர்கள் இந்தப் பாதையில்தான் வந்து சேர்ந்தார்கள்.

பிரஷர் சத்தம் போடாது

சிகிச்சை பரவத் தொடங்கிய காலத்தில், ஹ்லபிசா பகுதியில் அளந்து பார்த்தபோது எச்.ஐ.வி உள்ளவர்களிடம் பிரஷர் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் மெலிந்த, வருத்தம் தின்ற உடம்பில் அழுத்தமும் குறைந்துதான் இருக்கும். ஆரோக்கியம் திரும்பும்போது அந்தக் கணக்கும் மாறும்.

எடை கூடினால் பிரஷர் ஏன் கூடுகிறது? கூடுதல் சதைக்கும் கொழுப்புக்கும் கூடுதல் இரத்தம் வேண்டும், இதயம் அதிகம் இறைக்கவேண்டும். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு சிறுநீரகத்தை உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கச் செய்யும். குழாய் அதே குழாய், உள்ளே தண்ணீர் கூடினால் அழுத்தம் கூடத்தானே செய்யும். அதோடு எச்.ஐ.வி அடங்கியிருந்தாலும் உடம்புக்குள் ஒரு மெல்லிய அழற்சி தொடர்ந்து இருக்கும். அது இரத்தக் குழாய்களை வயதுக்கு முந்தியே இறுக்கிவிடும். இதற்கும் மேலே வயது. 30 வயதில் மௌத்தாக இருந்தவர் இப்போது 55 வயதில் பேரப்பிள்ளையுடன் இருக்கிறார். 55 வயதுக்குரிய வருத்தங்கள் அவருக்கும் வரும்.

2018இல் அதே பகுதியில் 'வுக்குசாசி' என்ற பெரிய பரிசோதனை முகாம்கள் தொடங்கின. 'விழித்தெழு, உன்னை அறிந்துகொள்' என்பது போன்ற பொருள் தரும் சூலு மொழிப் பெயர் அது. 17,000க்கும் மேற்பட்டோரை எச்.ஐ.வி, காசநோய், பிரஷர், சீனி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பரிசோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோரிடம் இவற்றில் ஒன்றாவது இருந்தது. எச்.ஐ.வி இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது மருந்தால் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் பிரஷரும் சீனியும் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, ஒன்றில் இருப்பதே தெரியாது, இல்லையென்றால் தெரிந்தும் கட்டுப்பாட்டில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். உலகமே பயந்த நோயை அந்தக் கிராமங்கள் அடக்கிவிட்டன. ஒரு பட்டியை வைத்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய, மலிவான குளிசையால் அடக்கக்கூடிய பிரஷர் தப்பிவிட்டது. ஏன்? எச்.ஐ.விக்கு போராட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, தனிக் கிளினிக் இருந்தது, குளிசை எடுக்காவிட்டால் தேடி வரும் ஆள் இருந்தது. பிரஷருக்கு ஒன்றும் இல்லை. அதோடு பிரஷர் ஆளை மெலிய வைக்காது. கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு வழியும் ஆபிரிக்காவிலேயே கண்டார்கள். உகண்டாவிலும் கென்யாவிலும் 32 கிராமச் சமூகங்களில் 2013 முதல் ஓர் ஆய்வு நடந்தது. எல்லாக் கிராமங்களிலும் ஆரம்பத்தில் ஒரே முகாமில் எச்.ஐ.வியையும் பிரஷரையும் சீனியையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் அதைத் தொடர்ந்து நடத்தி, நோயாளிக்கு வசதியான முறையில் சிகிச்சையும் கொடுத்தார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் வரும் இடம் என்பதால், "அவர் ஏன் அங்கே போனார்" என்ற கதையும் இல்லை. மூன்று வருடத்தின் பின், அந்தக் கிராமங்களில் பிரஷர் உள்ளவர்களில் 47 வீதமானோருக்கு அது கட்டுப்பாட்டில் இருந்தது. மற்றக் கிராமங்களில் 37 வீதம். எச்.ஐ.வி உள்ளவர்களின் மரணமும் குறைந்திருந்தது.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்கிறோம். எடை கூடுகிறது என்று எச்.ஐ.வி மருந்தை யாரும் விடக்கூடாது. விட்டால் வைரஸ் திரும்பிவிடும், கசென்செரோவின் படம் திரும்பிவிடும். மருந்தைத் தொடர்ந்து, எடையையும் பிரஷரையும் கூடவே பார்த்துக்கொள்வதுதான் வழி.

நம் ஊருக்கு வருவோம்

இலங்கையில் இந்த நோய் மிகவும் குறைவு. இலங்கையர் ஒருவரிடம் முதலில் கண்டுபிடித்தது 1987இல். சிகிச்சையை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அங்கீகரித்தது. நம் குடும்ப நல உத்தியோகத்தர்களும் கிளினிக் தாதிமாரும் சத்தமில்லாமல் செய்த சாதனை அது.

ஆனால் கண்ணால் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சகோதரர் மளமளவென்று மெலிந்தார். ஊரில் ஒரு கதை கிளம்பியது. என்ன கதை என்று உங்களுக்குத் தெரியும். அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார், பிறகு பள்ளிக்கு வருவதையும் குறைத்தார். கடைசியில் பார்த்தால் சீனி வருத்தம். அதுவும் முற்றிய பிறகுதான் தெரியவந்தது, ஏனென்றால் அந்தக் கதைக்குப் பயந்து அவர் வைத்தியசாலைக்கே போகவில்லை. அது எச்.ஐ.வியாகவே இருந்திருந்தாலும் நாம் செய்தது சரியாகிவிடுமா?

அதே காலத்தில் எங்களோடு படிப்பித்த ஓர் ஆசிரியர். நல்ல பருமன், சிரித்த முகம். "மாஷா அல்லாஹ், நல்ல தேகம்" என்று எல்லோரும் சொல்வோம். 46 வயதில் ஒருநாள் காலை பாரிசவாதம் வந்து விழுந்தார். மூன்றாம் நாள் மௌத்து. வைத்தியசாலையில் கேட்டார்கள்: "எவ்வளவு காலமாப் பிரஷர்?" வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

மெலிந்தவரை நாம் பயந்து ஒதுக்கினோம். பருத்தவரை நம்பி விட்டுவிட்டோம். இரண்டு பேரையும் நம் கண்தான் ஏமாற்றியது.

நோயின் பெயரால் ஒதுக்கப்படுவது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2020இல் கொவிட்டின் பெயரால் நம் ஜனாஸாக்களை எரித்தபோது, அறிவு இல்லாத பயம் மனிதனுக்கு என்ன செய்யும் என்று நாம் அழுது அழுது அறிந்தோம். அந்த வலியை அறிந்த நாம், நம் ஊரில் ஒரு நோயாளிக்கு அதே வலியைக் கொடுக்கக்கூடாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று, கல்யாண வீட்டிலும் மௌத்து வீட்டிலும் ஆளைக் கண்டதும் "என்ன இப்படி மெலிஞ்சிட்டீங்க", "நல்லாக் கொழுத்துட்டீங்க" என்று தொடங்குவதை விடுவோம். சுகமா என்று கேட்போம். பதிலை நின்று கேட்போம்.

இரண்டு, நம் பள்ளிவாசல் நிர்வாகத்திடம். உகண்டாவில் இமாம்கள் செய்ததை நாமும் செய்யலாம். மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முன்றலில் ஒரு மேசை, பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று, ஒரு தராசு, நம் ஊர்த் தாதி ஒருவர். பெண்களுக்கு வேறு நாளில் மத்ரஸாக் கட்டடத்தில். எல்லோரும் வரும் இடம் என்றால் ஒருவருக்கும் வெட்கம் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் உதவுவார்கள். மேசையும் கதிரையும் தூக்கிவைக்க நம் பத்தாம் தரப் பிள்ளைகளைக் கூட்டிவருவோம், இன்ஷா அல்லாஹ். பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையும் வருவான். பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும் என்பதை அவன் அங்கே கண்ணால் கண்டு படிக்கட்டும்.

அந்த ஆசிரியரின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. மெலிந்தவர், பருத்தவர், நோயாளி, சுகதேகி எல்லோருக்கும் ஆபியத்தைத் தருவானாக. ஆமீன்.

உங்கள் வீட்டில் கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது என்று இன்றைக்கே உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்டுப்பாருங்கள்.